பிடிலுக்குக் கீழே ஒரு குரல்: கோரெல்லியின் சொனாட்டாவும் நம் காதும்

கச்சேரி மேடையில் பாடகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிடிலைக் காலோடு அணைத்துப் பிடித்திருப்பவரைப் பார்த்து, "இது வெள்ளைக்காரன் வாத்தியமாச்சே" என்று இன்றைக்கு யாரும் சொல்வதில்லை. அரங்கேற்றம் முதல் ஆராதனை வரை அது இல்லாமல் நமக்குக் கச்சேரியே கிடையாது. அது நம் மேடைக்கு வந்து சுமார் 200 ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்குள் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது. ஆனால் அந்தப் பிடில் பிறந்த வீட்டின் இசை எப்படிப்பட்டது, அங்கே அதற்குத் துணை யார், இங்கே வரும்போது எதைக் கொண்டுவந்தது, எதை விட்டுவிட்டு வந்தது என்று கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் தெரியாது. அந்தக் கேள்விகளைத்தான் இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

தங்கவயல் தமிழர் மலரில் இத்தாலிய சங்கீதம் எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்க வேலையைக் கையில் எடுத்த பிறகு வட ஆற்காடு, தென்னாற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து நம் முன்னோர்கள் வந்தார்கள். இங்கிலாந்தின் கார்ன்வாலில் இருந்தும் இத்தாலியில் இருந்தும்கூடச் சுரங்கத்தார் வந்தார்கள். இங்கே எடுத்த தங்கத்துக்கு மைசூர் கஜானாவுக்கு ராயல்டி போனது. அந்த மைசூரின் கடைசி மகாராஜா ஜெயசாமராஜ உடையார் கர்நாடக இசையில் கிருதிகள் இயற்றியவர். மேல்நாட்டு இசையிலும் ஆழ்ந்த பயிற்சி உள்ளவர். 1948-ல் லண்டன் பில்ஹார்மோனியா கச்சேரி சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். ஆக, ஐரோப்பிய இசைக்கும் நம்ம ஊருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. வெளியிலிருந்து வந்த ஒன்று எப்படி ஓர் ஊருக்குச் சொந்தமாகிறது என்ற கேள்வி நமக்கும் உரியது.

இரண்டு வரி, சில எண்கள்

ஐரோப்பிய இசையில் ஏறக்குறைய 1600 முதல் 1750 வரையுள்ள காலத்தைப் பரோக் காலம் என்பார்கள். அந்தக் காலத்துப் பிடில் இசைக்கு இலக்கணமாக எல்லோரும் எடுத்துக்காட்டும் நூல் அர்க்காஞ்செலோ கோரெல்லியின் ஐந்தாம் தொகுப்பு. கோரெல்லி 1653-ல் பிறந்து, ரோம் நகரில் வாழ்ந்து, 1713-ல் இறந்தவர். கர்தினால் ஒட்டோபோனியின் ஆதரவில் இருந்தவர். இந்தத் தொகுப்பு 1700 ஜனவரி 1 என்ற தேதியோடு ரோமில் வெளியானது. மொத்தம் 12 சொனாட்டாக்கள். முதல் ஆறும் தேவாலயப் பாணி என்று சொல்லப்படுபவை. ஏழு முதல் பதினொன்று வரை உள்ளவை பெரும்பாலும் ஆட்ட மெட்டுகளால் ஆனவை. பன்னிரண்டாவது, ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப மாற்றி வாசிக்கும் 'லா போலியா'.

இந்த நூலின் ஏட்டைத் திறந்து பார்த்தால் நமக்கு ஆச்சரியமாக இருக்கும். மேலே ஒரு வரி, அது பிடிலுக்கு. கீழே ஒரு வரி, அது கனத்த குரலுள்ள வாத்தியத்துக்கு. அந்தக் கீழ் வரியின் ஸ்வரங்களோடு 6, 7, 4 என்று சில எண்கள். அவ்வளவுதான். இந்தக் கீழ் வரிக்குத்தான் பாஸோ கன்டினுவோ, அதாவது விடாமல் தொடரும் கீழ்க்குரல் என்று பெயர்.

எண்கள் எதற்கு? கீழே உள்ள ஸ்வரத்தை ஒன்று என்று வைத்து மேலே எண்ணிக்கொண்டு போகவேண்டும். 6 என்று போட்டிருந்தால் ஆறாவது ஸ்வரமும், வழக்கமாக மூன்றாவதும் அதோடு சேர்ந்து ஒலிக்க வேண்டும். எந்த ஸ்தாயியில், எத்தனை விரலால், எவ்வளவு அடர்த்தியாக என்பதெல்லாம் எழுதப்படவில்லை. ஹார்ப்சிகார்ட் வாசிப்பவர் அந்த நிமிஷத்தில் தன் புத்தியால் நிரப்பிக்கொள்ள வேண்டியது. "மேல்நாட்டு சங்கீதம்னா எல்லாம் எழுதி வச்சதை அப்படியே வாசிக்கிறது, நம்மளுதுதான் மனோதர்மம்" என்று சபாக்களில் அடிக்கடி கேட்கிறோமே, அந்தப் பேச்சு இந்த ஏட்டுக்கு முன்னால் நிற்காது.

நூலின் தலைப்பையும் கவனிக்க வேண்டும். பிடிலும் வியலோனேயும், அல்லது பிடிலும் சிம்பலோவும் என்பது அதன் பொருள். வியலோனே என்பது செல்லோ இனத்தைச் சேர்ந்த பெரிய வில் வாத்தியம். சிம்பலோ என்பது ஹார்ப்சிகார்ட். கீழ் வரிக்கு அந்த வில் வாத்தியம் மட்டும் இருந்தாலே போதும் என்று தலைப்பே இடம் கொடுக்கிறது. இப்போது பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே வாசிக்கிறார்கள். அது தவறில்லை. ஆனால் இரண்டே குரல்கள் எதிரெதிரே நின்று பேசும் இசை இது என்பதைத் தலைப்பு மறக்கவிடவில்லை.

தம்புராவும் இல்லை, பக்கவாத்தியமும் இல்லை

நம்மவர்களுக்கு இந்த இசையை விளக்கும்போது, "கன்டினுவோங்கிறது அவங்க தம்புரா மாதிரி" என்பார்கள். இன்னும் சிலர், "அது அவங்க பக்கவாத்தியம்" என்பார்கள். இரண்டு ஒப்புமையும் பாதி வழிதான் கூட்டிக்கொண்டு போகும்.

முதல் சொனாட்டாவின் தொடக்கத்தைக் கேளுங்கள். சில அடிகள் நிதானமாக நடந்த பிறகு கீழ்க்குரல் ஒரே ஸ்வரத்தில் நின்றுவிடுகிறது. அதன் மேல் பிடில் தந்திக்குத் தந்தி தாவி வேகமாக ஓடுகிறது. இந்த இடத்தில் நம் காது சட்டென்று நிம்மதி அடையும். காலுக்கடியில் ஆதார ஷட்ஜம் கிடைத்துவிட்டது, இனி பிடில் எங்கே ஓடினாலும் கவலையில்லை என்று தோன்றும். தம்புரா என்று சொல்பவர்கள் இதைத்தான் கேட்டிருப்பார்கள்.

ஆனால் அந்த ஓட்டம் முடிந்து மெதுவான பகுதி வந்ததும் கீழ்க்குரல் நடக்கத் தொடங்குகிறது. அது ஒரு படி நகர்ந்ததும், மேலே பிடில் பிடித்துக்கொண்டிருக்கும் ஸ்வரத்தின் அர்த்தமே மாறிவிடுகிறது. இனிமையாக இருந்தது உறுத்தத் தொடங்குகிறது. பிடில் இறங்கி வந்துதான் அந்த உறுத்தல் தீர்கிறது. தம்புரா ஒருநாளும் இப்படிச் செய்யாது. நம் இசையில் தரை நிற்கும், ராகம் நடக்கும். இவர்கள் இசையில் தரையும் நடக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பக்கவாத்தியம் என்ற ஒப்புமை எங்கே தவறுகிறது என்று அடுத்த பகுதி காட்டும். பிடில் ஒரு சிறு வரியைத் தொடங்குகிறது. அதே பிடில் இன்னொரு தந்தியில் அதே வரியை இரண்டாவது குரலாக எடுக்கிறது. பிறகு கீழ்க்குரல் அந்த வரியைத் தன் கனத்த குரலில் முழுதாகச் சொல்கிறது. ஒரு பிடிலே இரண்டு ஆளாகவும் கீழ்க்குரல் மூன்றாவது ஆளாகவும் நின்று பேசுகிறார்கள். நம் கச்சேரியில் பாடகர் பாடியதைப் பிடில் நிழல்போல் தொடரும். நிரவலிலும் கற்பனை ஸ்வரத்திலும் தன் முறை வரும்போது பதில் சொல்லும். நல்ல பக்கவாத்தியக்காரர் தடம் பார்த்து நடப்பவர். கோரெல்லியின் கீழ்க்குரலோ தடம் போடுகிறது. எங்கே போய் நிற்க வேண்டும் என்று முடிவு செய்வதில் அதற்கும் சம பங்கு உண்டு. ஆகவே இந்தச் சொனாட்டாக்களைப் 'பிடில் தனி, துணைக்குக் கொஞ்சம் சத்தம்' என்று கேட்பவர் பாதி இசையைத்தான் கேட்கிறார்.

லா போலியா

நம் வாசகர்களில் பலர் வீட்டில் இந்தப் பன்னிரண்டாவது சொனாட்டா ஏற்கெனவே நுழைந்திருக்கலாம். மேல்நாட்டு முறையில் பிடில் கற்கும் பிள்ளைகளுக்கான சுசுகி பாடப் புத்தகத்தின் ஆறாம் பகுதியில் லா போலியா இருக்கிறது.

போலியா என்பது போர்ச்சுகல், ஸ்பெயின் பக்கத்து ஆட்ட மெட்டு. பித்து என்பது அந்தச் சொல்லுக்குப் பொருள். நாட்டுப்புறத்தில் ஆடிப் பாடிய மெட்டு நாளடைவில் நிதானப்பட்டு, பல சங்கீதக்காரர்கள் கைமாறி, ரோமாபுரியில் கோரெல்லி கைக்கு வந்தது. நம்மூரில் தெம்மாங்கும் நொண்டிச் சிந்தும் வித்வான்கள் கையில் வேறு உரு எடுத்த மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த மெட்டின் உயிர் அதன் கீழ் நடையில் இருக்கிறது. அந்தப் பழைய நடையை நம் ஸ்வரத்தில் சொன்னால் ஸ, ப, ஸ, நி, க, நி, ஸ, ப என்று எட்டு அடி. மறுபடியும் அதே மாதிரி எட்டு அடி, கடைசியில் ப தொட்டு ஸ-வில் வந்து முடியும். மொத்தம் 16 அடி. ஒவ்வோர் அடிக்கும் மூன்று எண்ணிக்கை. நமக்கு ஆவர்த்தனம் போலத்தான் இது. சுற்றி வந்து சமத்தில் சேரும் சுகம் இதிலும் இருக்கிறது. இந்த நடையின் மேல் கோரெல்லி இருபதுக்கு மேற்பட்ட மாற்றங்களை அடுக்குகிறார்.

கவனித்துக் கேட்டால் ஒரு விஷயம் புலப்படும். பிடில் வேகமாக ஓடும், கீழ்க்குரல் நிதானமாகத் தாங்கும். கொஞ்ச நேரத்தில் நிலைமை தலைகீழாகிறது. கீழ்க்குரல் அந்த ஓட்டத்தை வாங்கிக்கொண்டு ஓட, பிடில் கனமான ஸ்வரங்களைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. தாங்கியவர் ஓடுகிறார், ஓடியவர் தாங்குகிறார். இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் சொனாட்டாவின் அழகு என்பது என் கருத்து. பிற்காலத்தில் பிரிட்ஸ் கிரைஸ்லர் போன்றவர்கள் பிடிலுக்குப் பிரமாதமான வித்தைகளைச் சேர்த்து, கீழே பியானோவை வைத்து இதை மாற்றி எழுதினார்கள். கேட்கக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே பிடில் கதாநாயகன், மற்றதெல்லாம் அரங்கப் பொருள். கோரெல்லி எழுதிய சமத்துவம் அதில் குறைந்துபோகிறது. பிள்ளைகளும் மேல் வரியை மட்டும் பாடம் செய்துவிட்டு "முடிச்சிட்டேன்" என்கிறார்கள். கீழ் வரியை ஒரு தடவையாவது பாடிப் பார்க்கச் சொல்லாத பாடம் முழுப் பாடம் ஆகாது.

கீழ்க்குரல் இல்லாமல் வந்த பிடில்

இனி நம் பக்கக் கதை. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786 - 1859) சென்னை ஜார்ஜ் கோட்டை பேண்டு வாத்தியக்காரரிடம் பிடில் கற்றார். அந்தக் குடும்பத்துக்கு மணலி முதலியாரின் ஆதரவு இருந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. தஞ்சை அரசவையைச் சேர்ந்த வராகப்பையரையும், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவையும் இந்த வரிசையில் சேர்த்துச் சொல்வதுண்டு. வடிவேலுவுக்குச் சுவாதித் திருநாள் மகாராஜா தந்தத்தாலான பிடிலைப் பரிசளித்தார்.

அதே காலத்தில் முத்துசுவாமி தீட்சிதர் பேண்டு மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் செய்தார். நோட்டுஸ்வரம் என்று பிள்ளைகள் இன்றும் பாடுகிறார்களே, அவைதான். இங்கிலாந்து அரச வாழ்த்து மெட்டும் அதில் ஒன்று. பேண்டில் அந்த மெட்டுகளுக்குக் கீழே கனத்த குரல் ஒன்று கட்டாயம் ஒலித்திருக்கும். தீட்சிதர் எடுத்துக்கொண்டது மேல் மெட்டை மட்டும். கீழ்க்குரலை அவர் கோட்டையிலேயே விட்டுவிட்டார்.

பிடிலுக்கும் அதே கதிதான். ஹார்ப்சிகார்டும் வியலோனேயும் அதோடு நம் மேடைக்கு வரவில்லை. தனியாக வந்த பிடில் என்ன செய்தது? முதலில் தன் தந்திகளை மாற்றிக்கொண்டது. அங்கே ஒவ்வொரு தந்திக்கும் இடையே ஐந்து ஸ்வர இடைவெளி. இங்கே ஸ, ப, ஸ, ப என்று சுருதி சேர்த்தார்கள். அதாவது தம்புராவின் ஆதாரத்தைத் தன் உடம்பிலேயே கட்டிக்கொண்டது. நின்று வாசித்தது, சம்மணம் போட்டு உட்கார்ந்தது. கட்டைகள் இல்லாத அதன் பலகையில் விரல் வழுக்கிப் போகலாம் என்பதால் கமகம் முழுவதும் அதற்கு வசப்பட்டது. அங்கே தலைமைக் குரலாக இருந்த வாத்தியம் இங்கே பாடகருக்குப் பக்கவாத்தியமாக இறங்கி வேலை செய்தது. துவாரம் வேங்கடசாமி நாயுடு (1893 - 1964) போன்றவர்கள் தனிக் கச்சேரியை நிலைநாட்டும் வரை அதற்கு நெடுநாள் பிடித்தது. நம் கன்னட நாட்டில் மைசூர் சௌடையா நான்கு தந்திக்கு ஏழு தந்தியாக்கி அதன் குரலைக் கனக்கச் செய்தார். பெங்களூரில் பிடில் வடிவத்திலேயே நிற்கும் சௌடையா நினைவு மண்டபம் 1980-ல் அவர் பெயரால் எழுந்தது.

இதில் நமக்கு நஷ்டமா லாபமா என்று ஒரு பழைய வழக்கு உண்டு. "நம்ம சங்கீதத்துல ஹார்மனி இல்லை, அது ஒரு குறை" என்பது ஒரு கட்சி. "அவங்களுதுல கமகமே இல்லை, வெறும் படிக்கட்டு" என்பது எதிர்க்கட்சி. இரண்டு கட்சியும் ஏட்டைப் பார்த்துவிட்டுப் பேசுகின்றனவே தவிர, வாசிப்பைக் கேட்டுவிட்டுப் பேசவில்லை. கோரெல்லியின் மெதுவான பகுதிகள் ஏட்டில் வெறும் எலும்புக்கூடாகத்தான் இருக்கும். 1710-ல் ஆம்ஸ்டர்டாமில் எஸ்தியென் ரொஜே என்ற பதிப்பாளர், கோரெல்லியே வாசித்த அலங்காரங்கள் என்று சொல்லி அந்தப் பகுதிகளை மறுபடி அச்சிட்டார். ஒரு ஸ்வரம் இருந்த இடத்தில் பத்து ஸ்வரம் சுழன்று வருகிறது. அது கோரெல்லியின் கைதானா என்று அப்போதே சந்தேகப்பட்டவர்கள் உண்டு. எப்படியிருந்தாலும், எழுதியது வேறு வாசித்தது வேறு என்பதற்கு அது சாட்சி. நம் பக்கம் 1904-ல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் தம் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினியில் கமகக் குறிகளோடு கிருதிகளை அச்சிட்டதும் இதே தேவைக்காகத்தான். வெறும் ஸ்வர வரிசை பாட்டாகாது என்பதை இரண்டு நாட்டுக்காரர்களும் அறிந்திருந்தார்கள்.

ஆகவே குறையும் இல்லை, உபரியும் இல்லை. பிடில் இங்கே வந்து ஒரு தரையை விட்டது, இன்னொரு தரையைக் கற்றுக்கொண்டது. நடக்கும் தரைக்குப் பதில் நிற்கும் தரை. இரண்டு தரையிலும் அதன் திறமை முழுதாகப் பயன்பட்டிருக்கிறது.

நமக்கு இதில் என்ன?

தங்கவயல்காரர்களுக்குக் கீழே இருப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். உள்ளே பாறை வெடித்தால் மேலே லைன் வீடுகள் அதிரும். தோண்டிய இடத்தில் கருங்கல்லை அடுக்கித் தாங்கு கொடுத்துத்தான் அடுத்த அடி வைத்தார்கள். வெளியே போன தங்கத்துக்குக் கணக்கு இருந்தது, பெயர் இருந்தது. தாங்கு கொடுத்த கைகளின் பெயர்கள் எத்தனை எழுதப்பட்டன? இசைத்தட்டு உறையில் பிடில்காரர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். செல்லோ வாசித்தவர், ஹார்ப்சிகார்ட் வாசித்தவர் பெயர் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். நம் கச்சேரிச் சுவரொட்டியிலும் பக்கவாத்தியக்காரர் எழுத்தின் அளவு நமக்குத் தெரியும். இது இசை ரசனையோடு முடிந்துபோகிற விஷயம் இல்லை.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அதன்பிறகு பல குடும்பங்களுக்கு விடியற்காலை பெங்களூர் ரயில்தான் பிழைப்பு. பிள்ளைகள் அங்கிருந்து இன்னும் தூரம் போயிருக்கிறார்கள். நான்கு ஐந்து தலைமுறையாக இந்த மண்ணில் இருப்பவர்களிடம்கூட, "நீங்க எந்த ஊர்? எப்ப வந்தீங்க?" என்ற கேள்வி இன்னும் வருகிறது. பிடிலிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. நம் ஆட்களும் அதைப்போலவே பக்கவாத்திய வேலை பார்த்துத்தான் இடம் பிடித்தார்கள். ஆனால் பிடிலுக்குக் கிடைத்த மரியாதை மனிதர்களுக்கு அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். பிடில் இங்கே நிலைத்தது தன் குரலை விட்டுக்கொடுத்ததால் இல்லை. புதிய சுருதிக்குத் தந்தியை முறுக்கிக்கொண்ட பிறகும் அது பிடிலாகவே இருந்தது. கன்னட மண்ணின் சுருதியில் சேர்ந்துகொண்டு தமிழைத் தமிழாகவே வைத்திருக்க வேண்டிய குடும்பங்களுக்கு இது அந்நியமான பாடம் இல்லை.

கடைசியாக வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோரெல்லியின் முதல் சொனாட்டாவும் பன்னிரண்டாவதும் இப்போது கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து மூன்று தடவை கேளுங்கள். முதல் தடவை பிடிலை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் தடவை பிடிலை விட்டுவிட்டுக் கீழ்க்குரலை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். வாயால் முணுமுணுத்தாலும் சரி. மூன்றாம் தடவை இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். லா போலியாவின் பாதியில் கீழ்க்குரல் ஓட்டத்தை வாங்கிக்கொள்ளும் இடத்தைப் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்வார்கள். அடுத்த முறை நம் சபாவில் கச்சேரி கேட்கும்போது பிடில்காரர் பக்கமும் தம்புராவின் பக்கமும் அவர்கள் காது தானாகத் திரும்பும்.